முன்சக்கரப் பேரிங் உறுமல்: வீட்டிலேயே மாற்றலாமா, பிரஸ்ஸுக்குக் கொண்டு போக வேண்டுமா?

முத்துநகர்க்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2014-ஆம் ஆண்டு ஸ்விப்ட் டீசல் கார். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வகை, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கைந்து மாதங்களாக முன்பக்கத்திலிருந்து ஓர் உறுமல் கேட்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடும்போது மெல்லத் தொடங்கும் அந்தச் சத்தம், 70, 80-இல் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவுக்கு ஏறிவிடுகிறது. கிளட்சை மிதித்தாலும், நியூட்ரலுக்குக் கொண்டு வந்தாலும் அது மாறுவதில்லை; வண்டியின் வேகம் குறைந்தால்தான் குறைகிறது.

முதலில் காட்டிய இடத்தில் டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கிறது என்று சொன்னதால் முன் டயர்கள் இரண்டையும் மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த இடத்தில் ஓட்டிப் பார்த்தவர், டிரைவர் பக்கத்துப் பேரிங் போய்விட்டது, அந்தப் பக்கம்தான் சத்தம் கேட்கிறது என்றார். ஆனால் நெல்லை நான்குவழிச் சாலையில் நீண்ட வளைவுகளில் நான் கவனித்தவரை, வண்டி வலப்பக்கம் திரும்பும்போது உறுமல் கூடுகிறது. இடப்பக்கம் திரும்பும்போது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17 அன்று, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், என் வண்டியும் மாட்டிக்கொண்டது. வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்து தெருவில் நிறுத்திய சிறிது நேரத்திலேயே சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் ஏறி, வடிவதற்கு நான்கு நாள் ஆனது. பிறகு ஆயில் மாற்றினோம், பிரேக்கைக் கழற்றித் துடைத்தோம், இருக்கைகளை வெயிலில் காய வைத்தோம். பேரிங்கைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

என்னிடம் ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, பாக்ஸ் ஸ்பானர் செட், டார்க் ரென்ச், சிறிய கிரைண்டர் ஆகியவை உள்ளன. பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் கிடையாது. குழாய்த் துண்டையும் சம்மட்டியையும் வைத்தே பேரிங்கை ஏற்றிவிடலாம் என்று காட்டும் காணொளிகளைப் பார்த்தேன். அம்மாவை மாதம் ஒருமுறை மதுரைக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது இந்த வண்டியில்தான். ஆகவே, செலவு குறைவதைவிட வேலை ஒரே தடவையில் சரியாக முடிவதுதான் எனக்கு முக்கியம். எந்தப் பக்கத்துப் பேரிங் என்று எப்படி உறுதி செய்வது? சம்மட்டியால் ஏற்றலாமா?

நெல்லைச்சாலை எழுதியது:

வணக்கம் நண்பரே. நீங்கள் வளைவில் கவனித்த செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது உடல் இடப்பக்கம் சாய்கிறது. பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் ஏறுகிறது. பாரம் ஏறும்போது சத்தம் கூடுகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது கிளீனர் பக்கத்து, அதாவது இடப்பக்கத்துப் பேரிங்கையே தவிர டிரைவர் பக்கத்தை அல்ல. உறுமல் இரும்பு வழியாக வண்டி முழுவதும் பரவுவதால், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் காது திசையைத் தவறாகச் சொல்வது மிகவும் சாதாரணம். காதை மட்டும் நம்பி நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டவர்கள் பலர்.

இருந்தாலும் வளைவுச் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள். இக்காலப் பேரிங்குகளில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில வேளைகளில் இந்தக் கணக்கு மாறிவிடுவதும் உண்டு. சமதரையில், பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஓர் உள்ளங்கையைச் சஸ்பென்ஷன் சுருள் கம்பியின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் கம்பியில் ஒன்றும் தெரியாது. கெட்ட பேரிங் என்றால், காதுக்குக் கேட்காத கரகரப்பு, ஆட்டுக்கல்லில் மணல் அரைபடுவது போல உள்ளங்கையில் ஏறும். இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்து பார்த்தால் வேறுபாடு ஐயத்துக்கு இடமில்லாமல் புரிந்துவிடும். எஞ்சினை ஓட விட்டுச் சக்கரத்தைச் சுழற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

அதே நிலையில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது பேரிங். மறையாமல் இருந்தால் கீழேயுள்ள சஸ்பென்ஷன் இணைப்பான பால் ஜாயின்டைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் முனை. ஆட்டமே இல்லாவிட்டாலும் பேரிங் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆட்டம் வருவது கடைசிக் கட்டத்தில்தான், உறுமல் அதற்கு வெகுமுன்பே வந்துவிடும்.

மலையடிவாரம் எழுதியது:

சம்மட்டி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படிச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் காரின் முன்பேரிங்கை வீட்டு வாசலில் குழாயும் சம்மட்டியும் கொண்டே ஏற்றினேன். ஏறிவிட்டது, சக்கரமும் நன்றாகச் சுழன்றது, அன்று மாலை ஓட்டியபோது சத்தமே இல்லை. ஆனால் 4,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் அதே உறுமல் திரும்பி வந்துவிட்டது. பேரிங் போலியோ என்று முதலில் கடையைச் சந்தேகித்தேன். கழற்றிப் பிளந்து பார்த்தபோதுதான் விளங்கியது. உள் ரேஸில், அதாவது பேரிங்கின் உள்வளையத்தில், குண்டு ஓடும் பாதையில், ஒரே இடைவெளியில், பொட்டு வைத்தது போல வரிசையாகச் சிறு குழிகள் இருந்தன. ஒவ்வொரு குழியும் ஒரு குண்டு நின்ற இடம். நான் அடித்த அடி அத்தனையும் அந்தக் குண்டுகள் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. பேரிங் ரேஸ் கடினப்படுத்திய எஃகு. சம்மட்டி பட்டால் கண்ணாடிபோலச் சில்லு தெறிக்கும். எனக்கு முன்கையில் ஒரு சில்லு ஏறியது. கண்ணில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். பழைய ரேஸை வெட்டும்போதாவது பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இருக்க வேண்டாம்.

கடைசல்பட்டறை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பேரிங் ஏற்றித் தரச் சொல்லி வரும் நக்கிள்களை (பேரிங்கும் ஹப்பும் உட்காரும் இரும்புப் பாகம்) வாரத்தில் இரண்டு மூன்றாவது பார்க்கிறேன். மேலே நண்பர் சொன்ன குழிகள் இந்த வேலையின் உயிர்நாடியான இடம் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

பேரிங்குக்கு வெளி ரேஸ், உள் ரேஸ் என இரண்டு வளையங்கள் உண்டு, இடையில் குண்டுகள். நக்கிளின் துளைக்குள் இறுக்கமாக உட்காருவது வெளி ரேஸ். சக்கரம் பூட்டப்படும் ஹப்பின் தண்டைக் கவ்விப் பிடிப்பது உள் ரேஸ். எந்த ரேஸ் இறுக்கத்தில் ஏறுகிறதோ அந்த ரேஸைத்தான் அழுத்த வேண்டும். ஆகவே பேரிங்கை நக்கிளில் இறக்கும்போது வெளி ரேஸின் விளிம்பில் மட்டும் பாரம் படுமாறு வளையம் வைக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் சரியாகவே செய்கிறார்கள். தவறு நடப்பது அடுத்த படியில். ஹப்பைப் பேரிங்குக்குள் அழுத்தும்போது நக்கிளைக் கட்டையில் தாங்க வைத்துவிட்டு மேலிருந்து அழுத்துகிறார்கள். அப்போது ஹப் உள் ரேஸைத் தள்ளுகிறது, உள் ரேஸ் குண்டுகளைத் தள்ளுகிறது, குண்டுகள் வெளி ரேஸைத் தள்ளுகின்றன. பிரஸ்ஸின் முழுப் பாரமும் குண்டுகளின் தலையில்தான். உள் ரேஸுக்கு அடியில், அதே அளவுள்ள ஒரு குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து, நக்கிள் அந்தரத்தில் நிற்குமாறு வைத்துத்தான் ஹப்பை இறக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாவிட்டால், சம்மட்டிக்குப் பதில் பிரஸ் வைத்திருந்தும் பயனில்லை. எந்தப் பட்டறைக்குப் போனாலும் பக்கத்தில் நின்று, "உள் ரேஸுக்கு முட்டு கொடுத்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல வேலைக்காரர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஆகவே என் யோசனை இது. கழற்றுவதும் பூட்டுவதும் வீட்டிலேயே நடக்கட்டும்; நக்கிளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பிரஸ் இருக்கும் பட்டறைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தால் பட்டறை மூடியிருக்கும், வண்டி ஸ்டாண்டிலேயே நின்றுவிடும். சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள்.

கழற்றும்போது சில கவனங்கள். டிரைவ் ஷாப்டின் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு வரும் தண்டு) நுனியில் இருக்கும் ஆக்சில் நட்டின் ஓரம் அந்தத் தண்டின் பள்ளத்தில் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அதை முதலில் சிறிய உளியால் நிமிர்த்துங்கள், இல்லையென்றால் மரை போய்விடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே, பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க, நட்டை இளக்கிக்கொள்ளுங்கள். இளக்கிய பிறகு வண்டியை ஓர் அடிகூட உருட்டாதீர்கள். பிரேக் வட்டைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் சுருளில் கட்டித் தொங்க விடுங்கள். பிரேக் குழாயில் அதன் பாரம் விழக் கூடாது. சக்கரத்தின் சுழற்சியை அறியும் ஏ.பி.எஸ். சென்சர் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் நெம்பி உடைத்துவிடாமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். சஸ்பென்ஷன் காலை நக்கிளோடு பூட்டும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றும் முன், அவை நின்ற இடத்தை உளி முனையால் கீறிக்கொள்ளுங்கள். ஹப்பிலிருந்து டிரைவ் ஷாப்டைப் பிரிக்கும்போது அதை வெளியே இழுக்காதீர்கள். நக்கிளைத்தான் நகர்த்த வேண்டும். ஷாப்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் கழன்றுகொள்ளும், அது தனி வேலையாகிவிடும்.

ஹப்பைப் பிரஸ்ஸில் வெளியே தள்ளும்போது பழைய பேரிங்கின் உள் ரேஸில் ஒரு பாதி ஹப்போடேயே வந்துவிடும். எல்லா வண்டியிலும் நடப்பதுதான், பயப்பட வேண்டாம். கிரைண்டரால் முக்கால் ஆழம் வெட்டி, உளியால் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும். தண்டில் வெட்டுக் காயம் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் முக்கால் ஆழம். பிறகு தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் ஹப்பும் போய்விட்டது என்று பொருள். நக்கிளின் துளையில் வெளி ரேஸ் சுற்றித் தேய்ந்திருந்தால், புதுப் பேரிங் கையாலேயே உள்ளே போய்விடும். அந்த மாதிரி நேரத்தில் துளையின் சுவரில் உளிப் புள்ளி குத்திக் கரடாக்கி, பேரிங்கை இறுக்கித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், சில மாதத்தில் அந்தப் புள்ளிகள் நசுங்கிவிடும். நக்கிளை மாற்றுவதுதான் வழி.

புதுப் பேரிங்கை முதல் நாள் இரவு உறையோடு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைப்பது நல்ல பழக்கம். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் சுருங்கும். வெளிவிட்டம் 70 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழே 18 வரை போகும்போது சுமார் 0.04 மில்லிமீட்டர் சுருக்கம் கிடைக்கும். பார்வைக்கு ஒன்றுமில்லைதான், ஆனால் பேரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் இறுக்கமே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் என்பதால், அது பெரிய உதவி. பட்டறைக்குக் கொண்டு போகும்போது ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.பி.எஸ். உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க மூடியிலேயே காந்தப் பட்டை பதிக்கப்பட்டிருக்கும். மற்றப் பக்கம் சாதாரண மூடி. காந்தப் பக்கம் சென்சர் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் பேரிங் நன்றாக ஓடும், ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் அணையாது; அதைச் சரிசெய்யக் கழற்றினால் புதுப் பேரிங் வீணாகிவிடும். ஒரு காகித ஊக்கை மெல்லக் காட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். சோதிப்பதற்காகத் தனிக் காந்தம் எதையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், பட்டை கெட்டுவிடும். மூடிய பேரிங்கில் கிரீஸ் உள்ளேயே இருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவுவதோ புது கிரீஸ் அடைப்பதோ கூடாது.

கடைசியாக ஆக்சில் நட். புது நட் போடுங்கள். பேரிங்கின் உள் ரேஸ் இரண்டு பாதிகளாக இருக்கிறது. அவை ஒன்றோடொன்று முட்டி நிற்கும் இறுக்கத்தைத் தருவது அந்த நட்தான். அது போதாவிட்டால் புதுப் பேரிங்கிலும் ஆட்டம் வரும். சரியான அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரிவதற்காக ஒன்று சொல்கிறேன்: 200 நியூட்டன் மீட்டர் என்பது, ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்க விடுவதற்குச் சமம். முழு இறுக்கம் வரும் வரை வண்டியின் பாரம் அந்தச் சக்கரத்தில் இறங்கக் கூடாது. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே, பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க இறுக்கி முடியுங்கள். காற்று கன்னால் அடித்து இறுக்க வேண்டாம். அதன் ஒவ்வோர் அதிர்வும் ஒரு சிறு சம்மட்டி அடிதான்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். ஓடி வந்த வண்டியின் ஹப் சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாக இருக்கும். அது தண்ணீரில் மூழ்கிச் சட்டென்று குளிரும்போது காற்று சுருங்கி, மூடியின் உதட்டு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த மூடிகள் சாலையில் தெறிக்கும் நீரைத் தடுக்கச் செய்யப்பட்டவை, நான்கு நாள் மூழ்கிக் கிடப்பதற்கு அல்ல. உங்கள் பேரிங் அன்றைக்கே நோய்ப்பட்டுவிட்டது; சத்தம்தான் இப்போது வந்திருக்கிறது.

முத்துநகர்க்காரர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வேலை முடிந்து 1,300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில் சுருளில் கை வைத்துப் பார்த்தேன். டிரைவர் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கிளீனர் பக்கம் சக்கரத்தைச் சுழற்றியதும், ஆட்டுக்கல் என்று நீங்கள் சொன்னது அப்படியே உள்ளங்கையில் ஏறியது. சக்கரம் நிற்கப் போகும் கடைசிச் சுற்றில் அது தனித்தனி அரைப்பாகக்கூடத் தெரிந்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாததை நம்பி விட்டிருந்தால் இன்னும் சில மாதம் அப்படியே ஓட்டியிருப்பேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். ஆக்சில் நட்டுக்கு நான்கு அடிக் குழாய் தேவைப்பட்டது. சென்சரை எடுக்க மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுத்தேன். பதினொரு மணிக்கு நக்கிளோடு பட்டறையில் நின்றேன். ஹப்பை இறக்கும் முன் உள் ரேஸுக்கு முட்டு கொடுப்பதைப் பற்றிக் கேட்டதும், அங்கிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து மூன்று குழாய்த் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக உள் ரேஸில் வைத்துப் பார்த்து, பொருந்தியதைத் தேர்ந்தெடுத்தார். குளிர்ந்திருந்த பேரிங் நக்கிளுக்குள் மெதுவாக இறங்கி, அடியில் முட்டியபோது பிரஸ்ஸின் ஒலி சற்றே மாறியது. அவர் அந்த நொடியே கையை எடுத்துவிட்டார். கூலி 400 ரூபாய்.

பழைய பேரிங்கை வீட்டுக்குக் கொண்டு வந்து மூடியைப் பெயர்த்தேன். உள்வரிசையில் கிரீஸ் காப்பித்தூள் நிறத்தில் சேறாகிக் கிடந்தது; வெளிவரிசையில் அது இன்னும் மஞ்சளாகவே இருந்தது. உள்வரிசை ரேஸில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்தாற்போல மேல்தோல் பெயர்ந்திருந்தது. வெள்ளநீர் புகுந்த வழியைக் கண்ணாலேயே பார்த்தது போல் இருந்தது.

இப்போது 80-இல் போனாலும் டயர் ஓசை மட்டும்தான் கேட்கிறது. ஏ.பி.எஸ். விளக்கு எரியவில்லை. கீறிய அடையாளத்தில் போல்ட்டுகளை வைத்தும், திங்கட்கிழமை அலைன்மென்ட் பார்த்துக்கொண்டேன். சிறிய திருத்தம் தேவைப்பட்டது. போன வாரம் அம்மாவோடு மதுரை போய் வந்தோம். திரும்பும் வழி முழுவதும் அவர் தூங்கிக்கொண்டு வந்தார்.

ஒரே ஓர் ஐயம் மீதி இருக்கிறது. மற்ற மூன்று சக்கரங்களும் அதே தண்ணீரில்தான் நின்றன. அவற்றையும் இப்போதே மாற்றிவிட வேண்டுமா?

கடைசல்பட்டறை எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. சத்தம் இல்லாத பேரிங்கைக் கழற்ற வேண்டாம். வெளியே எடுப்பதிலேயே அது கெட்டுவிடும். ஆனால் நீங்கள் கேட்டது நியாயமான அச்சம். டயர்களை முன்பின்னாக மாற்றும் ஒவ்வொரு 5,000 கிலோமீட்டரிலும் நான்கு சக்கரத்தையும் தூக்கி, சுருளில் கை வைத்துப் பார்த்துவிடுங்கள். பின்சக்கரங்களைப் பார்க்கும்போது கைப்பிரேக்கை எடுத்துவிட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறக்காதீர்கள். கரகரப்பு தொடங்கிய சக்கரத்துக்கு மட்டும் புதுப் பேரிங் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால் போதும்.